அது கடல் இல்லை, சார்!

உங்கள் தெருவில் யாராவது ஒருவர் சமீபத்தில் சிங்கப்பூர் போய் உல்லாசக் கப்பல் ஏறிவிட்டு வந்திருப்பார். மூன்று ராத்திரி, நாலு பகல், பினாங்கு, புக்கெட் என்று ஒரு சுற்று. டிக்கெட் போடும்போதே டிராவல்ஸ்காரர் கறாராகச் சொல்லிவிடுவார்: "முந்தின நாளே சிங்கப்பூர்ல இறங்கிடுங்க. உங்க ஃப்ளைட் லேட்டாச்சுன்னா கப்பல் நிக்காது."

ஆக, எல்லோர் கையிலும் ஒரு ராத்திரி இருக்கும். கேள்வியும் ஒன்றுதான்: "நல்ல மீன், நல்ல நண்டு எங்கே கிடைக்கும்?"

கேள்வியில் தப்பில்லை. பதிலில்தான் வில்லங்கம். டாக்ஸி டிரைவரைக் கேளுங்கள், ஹோட்டல் வரவேற்பில் கேளுங்கள், விமானத்தில் செருகி வைத்திருக்கும் பத்திரிகையைப் புரட்டுங்கள். எல்லோரும் ஒரே திசையில் கை காட்டுவார்கள். தண்ணீர் ஓரமாகப் போங்கள், விளக்கு வெளிச்சம், படகு, காற்று, கண்ணாடித் தொட்டியில் நீந்தும் நண்டு... ஆஹா!

நானும் போனேன். 2024-ல். மனைவி, எழுபது தாண்டிய என் அம்மா, நான். அம்மா தூத்துக்குடிக்காரி. அறுபது வருஷமாக மீன் வாங்குகிறவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீனைக் கூடையில் போட்டதாகச் சரித்திரம் இல்லை. கப்பல் பயணம் அவளுக்காகத்தான். மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

ஆற்றோரம் ஒரு பெரிய ரெஸ்டாரண்ட். பெயர் வேண்டாம். தண்ணீரை ஒட்டிய மேசையாகக் கேட்டு வாங்கினேன். அம்மா உட்கார்ந்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள்.

"ஏய்யா, உப்பு வாடையே இல்லியே. இது கடல்தானா?"

"கடல்தாம்மா. கடலும் ஆறும் சேர்ற இடம்" என்றேன், விஷயம் தெரிந்தவன் மாதிரி.

ஊருக்கு வந்து படித்துப் பார்த்தால் என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. 2008-ல் சிங்கப்பூர்க்காரர்கள் மெரினா விரிகுடாவின் வாயில் ஒரு தடுப்பணையைக் கட்டி, கடலை வெளியே நிறுத்திவிட்டார்கள். மழை பெய்யப் பெய்ய உள்ளே இருந்த உப்பு கரைந்து போய், 2010-ல் அது முழு நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. மெரினா பே, போட் கீ, கிளார்க் கீ என்று நாம் படம் எடுத்துத் தள்ளுகிற தண்ணீர் முழுக்க அந்த ஊரின் குடிநீர்த் தேக்கம். நம் பாஷையில் சொன்னால், செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு "கடல் காற்று என்னமா வீசுது!" என்று நண்டு கடித்திருக்கிறேன்.

சரி, தண்ணீர்தான் கடல் இல்லை. தட்டில் இருந்த நண்டு?

அது சிங்கப்பூர்ப் பிரஜையே அல்ல. அந்த நாடு தன் சாப்பாட்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. மீனும் அப்படித்தான். ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் என்று 1969 முதல் ஒன்று இருக்கிறது. பெயரில் மீன்பிடி இருந்தாலும், பக்கத்து நாடுகளிலிருந்து படகிலும் லாரியிலும் விமானத்திலும் வரும் மீனை ராத்திரியில் மொத்த வியாபாரிகள் பிரித்துக்கொள்ளும் இடம் அது. நண்டில் உசத்தி என்று அவர்கள் கொண்டாடுவது சிலோன் நண்டை. இலங்கைக் கழிமுகங்களில் பிடித்து, கொடுக்கைக் கட்டி, உயிரோடு விமானம் ஏற்றி அனுப்புகிற சேற்று நண்டு. நல்ல நண்டெல்லாம் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறதே என்ற ஆதங்கத்தில்தான் தர்ஷன் முனிதாச என்ற சமையல் கலைஞர், கிரிக்கெட் வீரர்கள் சங்கக்கார, ஜெயவர்த்தனவோடு சேர்ந்து 2011-ல் கொழும்பில் 'மினிஸ்ட்ரி ஆஃப் க்ராப்' ஆரம்பித்தார். நம் தமிழ்நாட்டுக் கழிமுக நண்டும் சென்னை விமான நிலையம் வழியாகக் கிழக்கே பறக்கிறது. என் தட்டில் இருந்த நண்டு எனக்கு முன்னால் அதே பாதையில் வந்திருக்கலாம். ஜன்னல் சீட்தான் கிடைத்திருக்காது.

ஆகவே முதல் பாடம்: மேசைக்குப் பக்கத்தில் தண்ணீர் இருப்பதற்கும், தட்டில் இருக்கிற மீன் நன்றாக இருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மீன் லாரியில் வருகிறது. லாரி எல்லாத் தெருவுக்கும்தான் போகிறது.

இப்போது பில்லுக்கு வருவோம். பி.காம். படித்தவன், இந்த இடத்தை விடமாட்டேன்.

மெனுவில் நண்டுக்கு நேரே 11 டாலர் என்று போட்டிருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். அதன் கீழே, எறும்பு படிக்கிற அளவில், 'நூறு கிராமுக்கு' என்று இருந்தது. எடுத்துக் காட்டிய நண்டு 1.3 கிலோ. 143 டாலர். இறால் 38. கீரை 20. ஃப்ரைட் ரைஸ் 16. டீ 3. நாங்கள் கேட்காமலே வந்து உட்கார்ந்த வேர்க்கடலைக்கு 4. கை துடைக்கும் ஈரக் காகிதம் மூன்று பேருக்கு 3. கூட்டினால் 227. அதன் மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அந்த மொத்தத்தின் மேல் ஒன்பது சதவீதம் ஜி.எஸ்.டி. மெனு ஓரத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்களே, அதற்கு அர்த்தம் இதுதான். நூறு ரூபாய்ச் சாமான் கிட்டத்தட்ட நூற்றிருபது ஆகிவிடும். முடிவில் 272 டாலர். அன்றைய கணக்கில் நம் காசுக்குச் சுமார் பதினேழாயிரம்.

கவனியுங்கள், யாரும் என்னை ஏமாற்றவில்லை. எல்லாம் அச்சில் இருந்தது. வலித்தது வேறு ஒன்று. அம்மா பில்லைப் பார்த்துவிட்டாள். மனசுக்குள் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். கடித்துக்கொண்டிருந்த காலை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, "வயிறு நெறஞ்சிட்டுய்யா" என்றாள். பாதிச் சட்டியில் நண்டு மிச்சம் இருந்தது. அவள் பொய் சொல்வது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். மூன்று வருஷச் சீட்டு அந்த ஈரக் காகிதத்தில் துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

ரூமுக்குத் திரும்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "நண்டு பௌர்ணமி நண்டு. சதையே இல்ல."

பௌர்ணமியில் பிடித்த நண்டு சோப்ளாங்கியாக இருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நிலாவை விடுங்கள், விஷயம் உண்மை. ஓடு மாற்றி அதிக நாள் ஆகாத நண்டு உள்ளே தண்ணீராக இருக்கும். எடை இருக்கும், சதை இருக்காது. நூறு கிராம் கணக்கில் நாம் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுப்போம். அந்தத் தண்ணீர் நண்டை மறைக்கச் சிங்கப்பூரில் ஒரு பிரமாதமான போர்வை இருக்கிறது. அதன் பெயர் சில்லி க்ராப்.

இதைச் சொன்னால் சிங்கப்பூர் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுடைய தேசியப் பலகாரம் அது. நல்ல கையில் பட்டால் நிஜமாகவே அற்புதம். பெயரில்தான் மிளகாய். நாக்கில் முதலில் படுவது தக்காளி இனிப்பு, அப்புறம் புளிப்பு, அப்புறம் முட்டையின் வழவழப்பு, கடைசியில் போனால் போகிறது என்று கொஞ்சம் காரம். பொரித்த பன்னைப் பிய்த்து அந்தச் சாற்றில் தோய்த்தால் நண்டையே மறந்துவிடலாம். அங்கேதான் ஆபத்து. நண்டை மறக்கவைக்கிற சாறு, நண்டு சுமாராக இருந்தாலும் காட்டிக்கொடுக்காது. கடையை எடைபோட இது சரியான பதார்த்தம் இல்லை. இஞ்சியும் சோயாவும் மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்த முழு மீனைக் கேளுங்கள். அதில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. நேற்றைய மீன் என்றால் முதல் வாயிலேயே சொல்லிவிடும்.

இந்தச் சில்லி க்ராப்பின் பிறப்பைப் பாருங்கள். ஐம்பதுகளில் செர் யாம் தியன் என்ற பெண்மணி. கணவர் போலீஸ்காரர். ஆவியில் வெந்த நண்டு அலுத்துவிட்டது, வேறு மாதிரி செய் என்றார் கணவர். தக்காளி சாஸ் போட்டு வதக்கிப் பார்த்தார். இன்னும் காரம் வேண்டும் என்றார் கணவர். மிளகாய் சாஸும் சேர்ந்தது. அக்கம்பக்கம் சப்புக்கொட்டியதும் 1956-ல் காலாங் ஆற்றங்கரையில் தள்ளுவண்டி போட்டார்கள். பின்னால் ஹூய் கோக் வாய் என்ற சமையல் நிபுணர் அதில் சம்பலும் முட்டையும் சேர்த்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்த அம்மாளின் மகன் ஆரம்பித்த ரோலண்ட் ரெஸ்டாரண்ட் எங்கே இருக்கிறது தெரியுமா? மரைன் பரேடில், ஒரு பலமாடிக் கார் பார்க்கிங்கின் உச்சியில். நண்டு பிறந்த வீடே தண்ணீர் ஓரத்தில் இல்லை, சார்!

இங்கே என் கல்லூரிப் பாடம் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. அக்கவுண்டன்ஸியில் 'குட்வில்' என்று ஓர் அத்தியாயம் வரும். நல்லெண்ணம், நற்பெயர் என்றெல்லாம் தமிழில் சொல்வார்கள். 1810-ல் எல்டன் பிரபு என்ற ஆங்கிலேய நீதிபதி அதை ரொம்பச் சுருக்கமாக விளக்கினார். பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே மறுபடி வருவார் என்கிற வாய்ப்பு இருக்கிறதே, அதுதான் குட்வில், வேறொன்றுமில்லை என்றார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது புரியவில்லை. 272 டாலர் கட்டணம் கட்டிய பிறகு புரிந்தது.

நாளைக்குக் கப்பல் ஏறப்போகிறவன் என்றைக்குத் திரும்பி வருவான்? வரமாட்டான். அவனுக்கு நல்ல நண்டு கொடுத்தாலும் வரமாட்டான், தண்ணீர் நண்டு கொடுத்தாலும் வரமாட்டான். அப்படிப்பட்டவர்களை மட்டுமே நம்பி நடக்கிற கடையின் கணக்குப் புத்தகத்தில் குட்வில் என்ற வரிக்கு வேலையே இல்லை. வாடகை என்ற வரிதான் பெரிதாக இருக்கும். முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். நல்ல நண்டு கொடுத்தே தீரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

பழைய வழக்குகள் இரண்டு. 2009-ல் நியூட்டன் உணவு மையத்தில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் சிலருக்கு 491 டாலர் பில் போட்டார் ஒரு கடைக்காரர். அதில் எட்டு டைகர் இறாலுக்கு மட்டும் 239. விஷயம் பேப்பரில் வந்து, அரசாங்கம் அந்தக் கடையைக் கொஞ்ச காலம் இழுத்து மூடவைத்தது. 2023-ல் ஒரு ஜப்பானியப் பெண்மணி நாலு பேர் சாப்பிட்டதற்கு 938 டாலர் பில் வந்ததும் போலீஸையே கூப்பிட்டுவிட்டார். அலாஸ்கா ராஜ நண்டு, மூன்றரை கிலோ, நூறு கிராம் கணக்கு. விலையைச் சொன்னோம், நண்டைக் காட்டினோம் என்றது ரெஸ்டாரண்ட். முழு நண்டும் நமக்கே என்று புரியவில்லை என்றார் அவர். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். இரண்டு வழக்கிலும் மாட்டியவர் ஊருக்குப் புதியவர். பக்கத்து பிளாக் ஆசாமிக்கு அந்த பில் வந்திருக்குமா? வந்திருந்தால் அவர் அடுத்த வாரம் வருவாரா?

நியூட்டன் என்றாலே மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். மிஷெலின்காரர்களின் மலிவு விலைப் பட்டியலில் இடம்பிடித்த கடையும் அதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. இடத்தைப் பார்க்காதீர்கள், கடையைப் பாருங்கள். கடையைவிட, சாப்பிடுகிற முகங்களைப் பாருங்கள்.

மறுநாள் நான் அதைத்தான் செய்தேன். கப்பலுக்கு செக்-இன் மூன்று மணி வரை இருந்தது. பெட்டிகளை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு, பதினொன்றரைக்கெல்லாம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் போய் நின்றோம். லிட்டில் இந்தியா பக்கம். கடலும் கிடையாது, ஆறும் கிடையாது. 1969-ல் தொடங்கிய முத்தூஸ் கறி, 1974-ல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோ இரண்டும் அந்த ஒரே தெருவில். எதில் சாப்பிட்டோம் என்று சொன்னால் அடுத்தவர் கோபித்துக்கொள்வார். மீன் தலைக் கறி என்றால் இரண்டுக்கும் பெயர் உண்டு.

இந்தத் தலைக் கறிக்கும் ஒரு கதை இருக்கிறது. 1950 வாக்கில் கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நம் ஆட்கள் மீன் துண்டைத்தான் கேட்பார்கள், தலைக்கு மதிப்பில்லை. சீன வாடிக்கையாளர்களோ தலை என்றால் உயிரை விடுவார்கள். இரண்டையும் பார்த்தார். நம் புளிக்குழம்பில் சீனர்களுக்குப் பிடித்த தலையைப் போட்டார். இப்படித்தான் அது பிறந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்தியாவிலும் இல்லாத, சீனாவிலும் இல்லாத ஒரு பதார்த்தம்.

யோசித்துப் பாருங்கள். கணவருக்குப் பிடிக்கவேண்டும் என்று ஒருத்தி செய்தது சில்லி க்ராப். தினமும் வருகிற சீன வாடிக்கையாளருக்காக ஒருவர் செய்தது தலைக் கறி. சிங்கப்பூரின் இரண்டு பெரிய கடல் பதார்த்தங்களும் நாளைக்கும் முகத்தைப் பார்க்கவேண்டிய மனுஷருக்காகச் செய்யப்பட்டவை. எல்டன் பிரபு இதைச் சாப்பிட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

எங்கள் கடையில் பக்கத்து மேசையில் சீன ஆபீஸ்காரர்கள் நாலு பேர், அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, வாழையிலையில் சோற்றைக் குவித்து ஸ்பூனால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் அவர்களைக் கேட்காமலேயே அப்பளம் வைத்தார். அந்த அப்பளம்தான் சாட்சி. எங்களைப் போன்ற டூரிஸ்டுகளும் நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் என்ன? திரும்பி வருகிறவனுக்கு வைத்த அதே குழம்பைத்தான் நமக்கும் ஊற்றுவார்கள். அதுதான் நமக்கு வேண்டியது.

தலைக்குச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று விலை, மெனுவிலேயே. தராசு கிடையாது, எறும்பெழுத்து கிடையாது. சட்டி வந்தது. சங்கரா மீன் தலை, வெண்டைக்காய், கத்தரிக்காய், சிவப்பாய்க் குழம்பு. அம்மா முதலில் செவுள் பக்கத்தைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தாள். பழக்கதோஷம். அப்புறம் கன்னத்துச் சதையைப் பெயர்த்து என் இலையில் வைத்தாள். கண்ணைத் தான் எடுத்துக்கொண்டாள்.

விமர்சனம் கேட்டேன். "புளி பத்தாது. தேங்கா இன்னும் அரைச்சிருக்கலாம்" என்றாள். ஆனால் சட்டியில் எலும்பு மட்டும்தான் மிஞ்சியது. பில் முந்தின ராத்திரியில் மூன்றில் ஒரு பங்கு. அன்றைக்கு அதை அவள் பார்க்கவே இல்லை.

நீங்கள் போகும்போது செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே ஆள் நின்று மெனுவை நீட்டிக் கூப்பிடுகிற கடையைத் தாண்டிப் போங்கள். திரும்பி வருகிற வாடிக்கை உள்ளவனுக்கு வாசலில் ஆள் நிறுத்த வேண்டியதில்லை. நண்டு கேட்டால் நூறு கிராமா, கிலோவா, முழு நண்டுக்கு எத்தனை டாலர் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெயர் பெற்ற இடங்களில் கிலோ நூறு டாலரைத் தாண்டும், அதிர்ச்சி அடையாதீர்கள். கேட்பதில் மானம் போகாது. சாப்பிட்ட பிறகு கேட்டால்தான் போகும். கடலையும் ஈரக் காகிதமும் வேண்டாம் என்றால் உட்கார்ந்த உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குடியிருப்பு பிளாக்குகளின் கீழே 'ஸீ சார்' என்று சீனக் குடும்பக் கடைகள் இருக்கும், பாட்டியும் பேரனும் வட்ட மேசையில் சாப்பிடுவார்கள். ஆவியில் வெந்த மீனை அங்கே கேட்டுப் பாருங்கள்.

கடல் காற்று இல்லாமல் மீன் இறங்காது என்கிறீர்களா? ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் போங்கள். நிலம் தூர்த்து எடுத்த கரைதான், ஆனாலும் எதிரே இருப்பது நிஜமான உப்புத் தண்ணீர். உள்ளூர்க்காரர்களே சொந்தபந்தம் வந்தால் கூட்டிப்போகிற இடம். இல்லை, ஆற்றோர விளக்கு வெளிச்சம்தான் வேண்டும் என்றால் அதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை. ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். வேடிக்கைக்கு வாடகை கொடுங்கள், தப்பில்லை. அந்த வாடகையை நண்டின் தலையில் ஏற்றிக் கட்டாதீர்கள்.

"வாழ்க்கையில ஒரு தடவைதானே சார், கணக்குப் பார்த்துக்கிட்டு..." என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த 'ஒரு தடவை'யைத்தான் அங்கே விற்கிறார்கள். அந்த ஒரு தடவையில் உங்கள் அம்மா பாதியில் கை கழுவிவிட்டால், இன்னொரு தடவை கிடையாது.

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா மூக்கை உறிஞ்சினாள். "இது கடல்" என்றாள், சான்றிதழ் கொடுக்கிற மாதிரி. ராத்திரி பஃபேயில் வெள்ளை வெளேரென்று மீன் துண்டு, முள் இல்லாமல், தோல் இல்லாமல், எலுமிச்சை வில்லை வைத்து அடுக்கியிருந்தார்கள். எல்லாம் டிக்கெட்டில் அடக்கம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விளக்கினேன். அம்மா தட்டோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த மீனுக்குத் தலை எங்கய்யா?" என்று கேட்டுவிட்டு, தயிர் சாதம் இருக்கிற பக்கம் நடந்தாள்.